வயலட்டின் பாட்டில் ஒட்டிய வார்த்தை

சமாதானபேரியில் இது எந்த நாளில் தொடங்கியது என்று யாரைக் கேட்டாலும் வெள்ளிக்கிழமை என்றுதான் சொல்வார்கள். அன்றைக்குத்தான் மினிபஸ் ஓட்டுகிற சுயம்பு, பிரேக் என்று ஒன்று இருப்பதையே மறந்துபோயிருந்த சுயம்பு, கடைவீதியில் ஒரு கோழி குறுக்கே போனதற்கு வண்டியை நிறுத்தி, அது சாவகாசமாகப் போய்ச் சேரும்வரை காத்திருந்து, அதன் பின்னால் வந்த ஏழு குஞ்சுகளுக்கும் தனித்தனியாக வழிவிட்டு, எட்டரை மணிக்கு வரவேண்டிய வண்டியைப் பத்தே காலுக்குக் கொண்டுவந்து சேர்த்தான். ஊரே அவனைச் சுற்றிக் கூடியபோது, வண்டியில் வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான் விஷயத்தை உடைத்தார்கள்: நேற்று எமிமாள் டீச்சர் போர்டில் இவன் பெயரை எழுதி, இவன் கேர்ஃபுல்லி வண்டி ஓட்டுவதாக உதாரணம் சொல்லியிருந்தார்கள். ஊர் சரி, அப்படியா என்று வேலையைப் பார்க்கப் போனது. நடந்தது வெள்ளிக்கிழமை என்று எல்லோர் மனதிலும் பதிந்துபோனது அப்படித்தான்.

ஆனால் அது செவ்வாய்க்கிழமையே தொடங்கிவிட்டது. இது தெரிந்தவள் ஊரில் ஒரே ஒருத்தி, எமிமாள் டீச்சர்.

பெண்கள் நடுநிலைப்பள்ளியில் இங்கிலீஷ் எடுக்கிற எமிமாளுக்கு ஐம்பத்து நாலு வயது, புருஷன் போய்ப் பன்னிரண்டு வருஷம், முன்வரிசைப் பல் நாலும் கட்டுப்பல். வருஷா வருஷம் எட்டாம் வகுப்புக்கு அட்வெர்ப் பாடம் வரும்போது அவள் ஒரே விளக்கத்தைத்தான் சொல்வாள்: "வெர்ப்னா வெறுஞ்சோறு. ஓடுதான், பாடுதா, சிரிக்கா, அவ்வளவுதான். எப்படி ஓடுதான், எப்படிப் பாடுதான்னு சொல்லுத குழம்புதான்டி அட்வெர்ப்பு. குழம்பை ஊத்துங்க, சோறு எறங்கும்." புத்தகத்தில் இருக்கிற டாமும் ஜானும் ஓடி ஓடிப் பிள்ளைகளுக்கு எதுவும் ஏறவில்லை என்பதால், உதாரணத்துக்கு ஊர்க்காரர்களின் பெயரையே போடுவாள். இருபத்தாறு வருஷமாக அப்படிப் போட்டு யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

இந்த வருஷம் திங்கட்கிழமை, வாட்ச்மேன் அருளப்பன் கேட்டை எர்லி திறக்கிறான் என்று எழுதினாள். மறுநாள் விடியற்காலை நாலேமுக்காலுக்கு அருளப்பன் கேட்டைத் திறந்துவைத்துவிட்டு, எதற்குத் திறந்தோம் என்று விளங்காமல் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். தற்செயல் என்று நினைத்தாள். சோதித்துப் பார்ப்போமே என்று செவ்வாய்க்கிழமை, பால்காரி கோமதி லவுட்லி சிரிக்கிறாள் என்று எழுதினாள். கோமதி சிரித்து ஊரில் யாரும் பார்த்ததில்லை. புதன்கிழமை காலையில் எமிமாள் சொம்பை நீட்டிக்கொண்டு, "என்ன கோமதி, மழை வருமா?" என்று கேட்டதற்கு, கோமதி எதிர்வீட்டு மாடு அறுத்துக்கொண்டு ஓடும்படி சிரித்தாள். டீச்சர் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு, தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும், ஏனென்றால் அவளும் அதைத்தான் ஏழு மாதம் நினைவில் வைத்திருந்தாள்.

அன்று சாயங்காலம் கோயிலில் பாடகர் குழு கூடியது. அடுத்த மாதம் அசனம், ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற கோயில் திருவிழா. அந்த ஆராதனையில் தனிப்பாட்டு பாடுவது பதினெட்டு வருஷமாக எமிமாள்தான். பாஸ்டரையா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "இந்த வருஷம் வயலட் பாடட்டுமே. டீச்சரம்மாவும் எத்தனை வருஷத்துக்குத்தான் கஷ்டப்படுவாங்க, கொஞ்சம் ஓய்வு எடுக்கட்டும்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். எல்லோரையும்விட அதிக நேரம் கைதட்டியது எமிமாள்தான், உள்ளங்கை சிவந்துபோகிற அளவுக்கு.

வயலட் லோடு ஆட்டோ ஓட்டுகிற ஆசீரின் பெண்சாதி, வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். அவளுடைய குரல் பயிற்சியால் வந்ததில்லை, தேவையால் வந்தது. அவளுடைய ஒரே மகள் பெர்சிஸுக்குப் பிறவியிலேயே காது மந்தம். யார் எவ்வளவு கத்திப் பேசினாலும் அது அவளுக்கு வெறும் இரைச்சல். ஆனால் வயலட் தொண்டையைத் திறந்து நீட்டிப் பாடினால் மட்டும், அந்தச் சொல்லெல்லாம் எந்த வழியாகவோ நுழைந்து அந்தப் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் வயலட் மகளிடம் பேசியதே கிடையாது, எல்லாவற்றையும் பாடினாள். பல் துலக்கு என்பதை ஒரு கீர்த்தனை மெட்டிலும், சடை பின்ன வா என்பதை இன்னொரு மெட்டிலும், ரசம் கொதிக்கிறது அடுப்பைப் பார் என்பதைக் கிறிஸ்துமஸ் பாட்டு மெட்டிலும் பாடுவாள். தெருக்கோடியில் பாண்டி ஆடுகிற பெர்சிஸ் சட்டென்று திரும்பிப் பார்த்து வீட்டுக்கு ஓடுவாள். ஊர்க்காரர்களுக்கு இது பழகிப்போய், அந்த வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்பதுகூடத் தெரியும்.

வியாழக்கிழமை இரண்டாவது பீரியடில் எமிமாள் முதலில் சுயம்புவின் பெயரைத்தான் எழுதினாள். அவன்மேல் அவளுக்கு ஒரு பழைய கோபம். எழுதி முடித்த பிறகும் சாக்பீஸ் விரலில் இருந்தது, விரல் போர்டில் இருந்தது, உள்ளங்கை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. கேவலமாகப் பாடுகிறாள் என்று எழுத அவள் அவ்வளவு மோசமானவள் இல்லை. யாரும் குறைசொல்ல முடியாத, கேட்டால் புகழ்ச்சி என்று தோன்றுகிற ஒரு நாகரிகமான வார்த்தையைத் தேடிப் பிடித்தாள். வயலட் சிங்ஸ் சாஃப்ட்லி.

முதல் பெஞ்சில் பெர்சிஸ் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பாடம் முழுவதும் போர்டில்தான். அம்மாவின் பெயரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. பின்னால் திரும்பி எல்லோருக்கும் விரலால் காட்டினாள், அந்த வரியை நோட்டில் முத்து முத்தாக எழுதி, சிவப்புப் பேனாவால் சுற்றிலும் கட்டம் போட்டு, டீச்சரைப் பார்த்துச் சிரித்தாள். எமிமாள் போர்டை அழித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனாள்.

அசனத்தன்று வயலட், ஒரு மாதமாக வீட்டில் பாட்டு எழும்பாவிட்டாலும் கோயிலில் வந்துவிடும் என்ற நம்பிக்கையில், புதுச்சேலை கட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்று வாயைத் திறந்தபோது, முதல் வரிசையில் இருந்தவர்களுக்கு இழைபோல ஏதோ கேட்டது, இரண்டாவது வரிசைக்குக் காற்றாடிச் சத்தம்தான் கேட்டது. பேச்சில் ஒரு குறையும் இல்லை, பாட்டுத்தான் தொண்டைக்கு வெளியே வரமாட்டேன் என்றது. பாஸ்டரையா கண்ணைக் காட்ட, எமிமாள் எழுந்து பாடினாள். பந்தியில் கறிச்சோறு சாப்பிட்டபடியே ஆளாளுக்கு, "என்ன இருந்தாலும் டீச்சரம்மா பாட்டு மாதிரி வருமா?" என்றார்கள். எதிர்வரிசையில் பெர்சிஸ் சாப்பிடாமல், இலையைப் பார்க்காமல், அம்மாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் தன் இலையில் விழுந்த எலும்பைக் கடித்தாள், அது மரக்கட்டையைப் போலிருந்தது.

ஊர் இந்த அதிசயத்தை எடுத்து வைத்துக்கொண்ட விதத்தைச் சொல்லவேண்டும். முதல் வாரம் எல்லோரும் எமிமாளைக் கண்டால் ஒதுங்கிப் போனார்கள், இரண்டாவது வாரம் வணக்கம் சொன்னார்கள், மூன்றாவது வாரம் அவள் வீட்டு வாசலில் வரிசை நின்றது. மகன் டெய்லி படிக்கவேண்டும் என்று ஒரு தாய், மருமகள் பொலைட்லி பேசவேண்டும் என்று ஒரு மாமியார், அந்த மாமியார் கொஞ்சமாகப் பேசவேண்டும் என்று கொல்லைப்புறமாக அதே மருமகள். பால்காரி கோமதியைப் பார்த்து, சிரித்தால் வியாபாரம் பெருகும் என்று கண்டுகொண்ட காய்கறிக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து வந்தார்கள். கோயில் கமிட்டி கூடி, பெயருக்குரியவரின் சம்மதம் இல்லாமல் எழுதக்கூடாது, ஒருத்தருக்கு ஒரு வார்த்தைக்குமேல் கிடையாது என்று தீர்மானம் போட்டது. அந்த இரண்டாவது தீர்மானத்துக்கு அவசியமே இல்லை, ஏனென்றால் ஒரு வார்த்தை ஒட்டிய இடத்தில் இன்னொன்று ஒட்டாது என்பது அதற்குள் தெரிந்துவிட்டது. இதையெல்லாம் விசாரிக்க மேலிடத்திலிருந்து வந்த அதிகாரி ஒருவர் டீச்சரிடம் டீ குடித்துவிட்டு, தன் அறிக்கைகள் ரொம்ப நீளமாகப் போகின்றன என்று குறைபட்டுக்கொண்டார். திரும்பிப் போய் அவர் எழுதிய அறிக்கையில், பார்த்தேன் என்ற ஒரு சொல்தான் இருந்தது.

இத்தனைக்கும் நடுவில் வயலட்டைப் பற்றியும் பேசத்தான் செய்தார்கள். "பாவம், டீச்சர் புகழ்ந்துதான் எழுதியிருக்காவ. எழுதினா நடக்கும்னு அவியளுக்கு அப்போ என்ன தெரியும்? வெள்ளிக்கிழமைதான தெரிஞ்சிச்சு." ஊரே டீச்சரை மன்னித்துவிட்டது. செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கினால் வாயைத் திறந்து மறுக்கலாம். செய்த தப்பை இன்னொரு தப்பாக நினைத்து மன்னிக்கிறவர்களிடம் எதைச் சொல்வது? எமிமாள் தலையைக் குனிந்துகொண்டு அந்த மன்னிப்பை வாங்கி வாங்கி வைத்தாள், ஒவ்வொன்றும் அவள்மேல் ஒரு கல்லாக ஏறியது.

ஒட்டிய வார்த்தையை எடுக்க வழி உண்டு என்பது சுயம்புவால்தான் தெரிந்தது. அவனுடைய மினிபஸ்ஸில் ஏறினால் நடந்து போகிறவர்களுக்குப் பின்னால் போய்ச் சேரவேண்டியிருந்ததால் ஆள் ஏறாமல் போய், முதலாளி வண்டியைப் பிடுங்கிவிடுவதாகச் சொல்ல, அவன் டீச்சர் வீட்டுக்கு வந்து கண்ணைக் கசக்கினான்.

"டீச்சர், நான் ஒங்களுக்கு என்ன பாவம் செஞ்சேன்? ஏன் என் பேரைப் போய் எழுதினீய?"

"போன வருஷம் பனங்காட்டு வளைவுல ஒடிச்சுத் திருப்புனேல்லா," என்றாள் எமிமாள், "அன்னைக்கு என் பல்செட்டு கழண்டு மடியில விழுந்துச்சு. பஸ் முழுக்கச் சிரிச்சாவ. நீயும் கண்ணாடியில பாத்துச் சிரிச்ச. அந்த ஆத்திரந்தாம்ல."

அவள் சொல்லி முடிக்கவும் சுயம்புவின் கால் தரையில் தானாக ஒரு அழுத்து அழுத்தியது. மறுநாள் அவன் வண்டி எட்டு மணிக்கே வந்து நின்றது. அதன் பிறகு வார்த்தை வேண்டாம் என்று வந்தவர்கள் எல்லோரையும் உட்காரவைத்து, எழுதியதற்கான உண்மைக் காரணத்தை முகத்துக்கு நேராகச் சொன்னாள், வார்த்தை தானாக உதிர்ந்தது. "ஒங்கம்மா வாழைத்தாரு கொண்டாந்தாவ, அதான் எழுதினேன்" என்று சொல்லவேண்டியிருந்ததும் உண்டு, சொன்னாள். காரணத்தில் ஒரு மயிரிழை பொய் இருந்தாலும் வேலை நடக்கவில்லை என்பதை ஊரே கவனித்தது.

கமிட்டி சும்மா இருக்குமா? வயலட்டைக் கூப்பிட்டுக் கோயில் ஹாலில் டீச்சருக்கு எதிரில் உட்காரவைத்தார்கள். பாஸ்டரையா, "சொல்லுங்க டீச்சரம்மா, பிள்ளைக்குக் குரல் வரட்டும்" என்றார். நாற்பது முகங்கள் பார்த்துக்கொண்டிருந்தன. எமிமாள் வயலட்டைப் பார்த்தாள், அவள் கழுத்தைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள்.

"சும்மா உதாரணத்துக்குத்தான் எழுதினேன்," என்றாள். "மனசுல ஒண்ணும் கெடையாது."

வயலட் பாடிப் பார்த்தாள். காற்றாடிச் சத்தம்தான் கேட்டது.

எமிமாளுக்கு அங்கேயே செத்துவிடலாம் என்றிருந்தது. பிடிபட்டுவிட்டோம் என்று கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் நல்ல மனசுக்காரர்களைப்போல மோசம் செய்கிறவர்கள் உலகத்தில் கிடையாது. பாஸ்டரையா யோசித்துவிட்டு, "காரணமே இல்லாம எழுதுன வார்த்தைக்குக் காரணம் சொல்லி எப்படி எடுக்க முடியும்? இது டீச்சரம்மா தப்பில்ல" என்று தீர்ப்புச் சொன்னார். எல்லோரும் ஆமாம் என்றார்கள். கோமதி மறுநாள் பாயசம் வைத்துக் கொண்டுவந்து, டீச்சர் மனசு உடைஞ்சிரக் கூடாது என்று சொல்லி ஊரதிரச் சிரித்தாள். வயலட் மட்டும் அன்று ஹாலிலிருந்து எழுந்து போகும்போது டீச்சரை ஒரு பார்வை பார்த்தாள், அந்தப் பார்வையில் இருந்தது சந்தேகமா களைப்பா என்று எமிமாள் அதற்கப்புறம் எத்தனையோ நாள் சோற்றில் கையை வைத்துக்கொண்டு யோசித்தாள்.

பிப்ரவரி மாதம் ஒரு மத்தியானம், சாப்பாட்டு மணி அடித்துப் பிள்ளைகள் கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். பெர்சிஸ் டிபன் பாக்ஸை ஆட்டிக்கொண்டு ரோட்டில் இறங்கினாள். எதிர்ப்பக்கத்தில் வயலட் நின்றாள். வளைவில் சுயம்புவின் மினிபஸ் பழைய வேகத்தில் வந்தது. ஹாரன் சத்தமெல்லாம் அந்தப் பிள்ளைக்கு இரைச்சலோடு இரைச்சல். கேட்டுக்கு உள்ளே நின்ற எமிமாள், வயலட் வாயைப் பிளந்து, கழுத்து நரம்பு புடைக்க, முகம் ரத்தமாகச் சிவக்க, மகளை நோக்கிப் பாடுவதைப் பார்த்தாள். பார்க்கத்தான் முடிந்தது. ஒரு சத்தமும் வரவில்லை. அருளப்பன் பாய்ந்து பிள்ளையின் சடையைப் பிடித்து இழுத்ததில் இரண்டு பேரும் மண்ணில் விழுந்தார்கள், டிபன் பாக்ஸ்மேல் பஸ்ஸின் முன்சக்கரம் ஏறி இறங்கியது.

சுயம்பு ஸ்டியரிங்கில் தலையை முட்டி முட்டி அழுதான். ஊர் அவனைத் திட்டியது, அவனுடைய வார்த்தையை எடுத்திருக்கவே கூடாது என்றது, ஒருவர்கூட டீச்சர் பக்கம் திரும்பவில்லை. வயலட் மகளின் முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே இன்னும் பாடிக்கொண்டிருந்தாள், வாய் மட்டும் அசைந்தது. எமிமாள் உள்ளே போய் மத்தியானத்துப் பீரியட் இரண்டும் எடுத்தாள். என்ன எடுத்தாள் என்று அவளுக்கும் தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரியாது.

நாலேகால் மணிக்கு நேராக வயலட் வீட்டுக்கு நடந்தாள். வெயில் இன்னும் இறங்கவில்லை, தெருவில் பெண்கள் தண்ணீர்க் குழாயடியில் குடங்களோடு நின்றார்கள், "என்ன டீச்சர் இந்தப் பக்கம்?" என்று விசாரித்தார்கள். வயலட் முற்றத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பெர்சிஸ் முழங்காலில் கட்டோடு படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். எமிமாள் கேட்டுக்குள் வந்து நின்றாள். அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"வயலட், ஒங்கிட்ட ஒரு காரியம் சொல்லணும். அன்னைக்கு ஹால்ல நான்…"

"எங்கிட்ட எதுக்கு டீச்சர் சொல்லுதீய?" வயலட் துணியைப் பிழிந்தபடியே சொன்னாள். "எனக்கு என்ன, பாடாட்டாப் பேசிட்டுப் போறேன். அவளுக்குத்தான் இந்த ஏழு மாசமா உலகத்துல ஒரு சத்தமும் கெடையாது. அவகிட்ட சொல்லுங்க."

"அவளுக்குக் கேக்காதே வயலட்."

"கேக்காதுதான். நீங்கதான எழுதுவீய, எழுதுங்க."

எமிமாள் படியில், பிள்ளைக்குக் கீழே, உட்கார்ந்தாள். பெர்சிஸ் நோட்டைத் திருப்பி ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கொடுத்தாள், பேனாவையும் கொடுத்தாள், டீச்சர் தன்னுடைய நோட்டில் எழுதப்போகிறார்கள் என்ற பெருமையில் நேராக உட்கார்ந்தாள். டீச்சருக்குக் கை ஓடவில்லை. இங்கிலீஷில் எழுதினால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது, அந்த நினைப்புக்காகவே தன்னைத் தானே அறைந்துகொள்ளவேண்டும் போலிருந்தது. தமிழில் எழுதினாள். எழுதி முடித்து நோட்டைப் பிள்ளையின் மடியில் வைத்தாள்.

தன் குரல் தனக்கே கேட்காத பிள்ளைக்கு மனதுக்குள் வாசிக்கவோ அடக்கி வாசிக்கவோ தெரியாது. பெர்சிஸ் எழுந்து நின்று, வகுப்பில் நிற்பதுபோலக் கையைக் கட்டி, ஒவ்வொரு சொல்லாகத் தெருமுழுக்கக் கேட்கும்படி வாசித்தாள்:

"உன் அம்மா, என்னைவிட, நன்றாகப் பாடினாள். எனக்கு, அது, பொறுக்கவில்லை. எழுதினால் நடக்கும் என்று, புதன்கிழமையே, எனக்குத் தெரியும். தெரிந்துதான், எழுதினேன்."

குழாயடியில் குடத்துக்குள் விழுந்துகொண்டிருந்த தண்ணீர் நிரம்பி வழிந்தது, யாரும் குடத்தை மாற்றவில்லை. கோமதி அங்கேதான் நின்றாள், அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பெர்சிஸ் கடைசி வரியை மறுபடி ஒருமுறை கண்ணாலேயே வாசித்தாள். டீச்சரைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். நோட்டை மூடினாள். மூடியதும் வீட்டுக்குப் பின்பக்கமாக ஓடிப்போய்விட்டாள்.

"வயலட்," என்றாள் எமிமாள். "எனக்கு மன்னிப்புக் கேக்கத் தகுதி கெடையாது."

வயலட் கையிலிருந்த துணியைக் கொடியில் உதறிப் போட்டாள். சோப்பு நுரையைச் சேலையில் துடைத்தாள். தொண்டையைச் செருமினாள். வயலட் பாட ஆரம்பித்தபோது, குழாயடியில் நின்றவர்கள் மட்டும் இல்லை, கடைவீதியில் தராசைப் பிடித்தவர்கள், மினிபஸ்ஸின் கடைசி சீட்டில் இருந்தவர்கள், கோயில் வராந்தாவில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த பாஸ்டரையா, எல்லோரும் நிமிர்ந்தார்கள். ஏழு மாதம் அடைபட்டுக் கிடந்த குரல் ஒரு கீர்த்தனை மெட்டில் கூரைகளுக்குமேலே ஏறியது, அதன் ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு வீட்டுக்கும் தெளிவாகக் கேட்டது.

"பெர்சிஸே, ஓடி வா. டீச்சர் போறாவ. கேட்டைச் சாத்து."

வீட்டுக்குப் பின்னாலிருந்து அந்தப் பிள்ளை ஓடிவந்தது. அப்படி ஒரு ஓட்டத்தை அந்தத் தெரு பார்த்ததில்லை, முழங்கால் கட்டு அவிழ்ந்து தொங்கியது, முகம் முழுக்கச் சிரிப்பும் கண்ணீருமாக இருந்தது, காதில் கையை வைத்துக்கொண்டு, கேட்கிறது கேட்கிறது என்று கத்திக்கொண்டே வந்தது. எமிமாள் தெருவில் இறங்கி நின்றாள். பெர்சிஸ் அம்மா சொன்னபடியே கேட்டைச் சாத்தினாள், கொண்டியைப் போட்டாள், திரும்பி அம்மாவிடம் ஓடினாள்.